ஸ்மியரில் ஒன்றும் இல்லை, எலைசாவில் பாசிட்டிவ்: எதை நம்புவது?

கோவைக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்திருக்கிறது இந்தக் கடிதம். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் குதிரை அனுப்பும் குடும்பம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர் சார், ஆடி மாதச் சந்தை ஒன்றில் ஆறு வயதுப் பெட்டைக் குதிரை வாங்கினேன். நாலு மாதச் சினை. அப்பா சுழியெல்லாம் பார்த்து, நடையும் பார்த்து, நல்ல குதிரை என்றுதான் சொன்னார். புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளைத் தொடவில்லை. காய்ச்சல் 104. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஈறு வெளுத்து மஞ்சளாக இருந்தது. ஞாயிறு என்பதால் டாக்டர் கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டு உண்ணிக் காய்ச்சலுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மீதி வைத்திருந்தார். டிமினசீன் என்று பாட்டிலில் போட்டிருந்தது. அதைப் போட்டோம். முன்னெச்சரிக்கையாக எங்கள் பழைய ஆண் குதிரைக்கும் அதே சிரிஞ்சில் போட்டோம். அது இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. அன்றைக்கு ரத்தம் எடுத்து ஸ்மியர் பார்த்தவர்கள் ஒட்டுண்ணி எதுவும் இல்லை என்றார்கள். 24 நாள் கழித்து மறுபடி காய்ச்சல், 103. வேறு ஒரு டாக்டர் ரத்தத்தை லேபுக்கு அனுப்பினார். தைலேரியா எக்வி, எலைசா பாசிட்டிவ், பி.சி.வி. 21 என்று வந்தது. இப்போது காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, ஆனால் பழைய தெம்பு இல்லை. சினை எட்டாம் மாதம்.

"எந்த ரிப்போர்ட் பொய்? நாலு ஊசி போட்டால் ரத்தம் அடியோடு சுத்தமாகும் என்கிறார்கள், இரண்டு குதிரைக்கும் உடனே போட்டுவிடலாமா? ஏழு வயது மகள் இருக்கிறாள், இரண்டு கறவை மாடு இருக்கிறது, அவர்களுக்கு ஒட்டுமா? குட்டி போடுவதற்குள் சத்தமில்லாமல் விற்றுவிடு என்கிறார் தரகர். விற்றவரோ, என்னிடம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது என்று கையை விரித்துவிட்டார். என்ன செய்யட்டும்?"

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாள், கிழமை, காய்ச்சல் அளவு எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். குழப்பத்துக்கான விடையில் பாதி அந்தத் தேதிகளிலேயே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ரிப்போர்ட்டுமே உண்மையாக இருக்க முடியும். ஸ்மியர், அதாவது கண்ணாடித் துண்டில் ரத்தத்தை மெல்லிதாகத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எலைசா வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இரண்டையும் ஒரே கேள்வியின் பதிலாக நினைத்துப் படித்ததால்தான் ஒன்று பொய்யாகத் தெரிகிறது.

ஒவ்வொரு பரிசோதனையும் கேட்பது வேறு

குதிரையின் ரத்தச் சிவப்பணுக்குள் புகுந்து வாழும் ஒட்டுண்ணிகளில் நமக்கு முக்கியமானவை இரண்டு: பாபீசியா கபாலி, தைலேரியா எக்வி. இரண்டையும் பரப்புவது உண்ணிதான். ஸ்மியரில் பாபீசியா கொஞ்சம் பெரிதாக, இரண்டு பேரிக்காய்கள் கூர்முனையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். தைலேரியா அதைவிடச் சிறியது. சில சமயம் நான்கு சேர்ந்து, ஒரே அணுக்குள் சின்னச் சிலுவை போல நிற்கும். கண்ணாடித் துண்டில் அந்தச் சிலுவையைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

பார்க்கக் கிடைப்பதுதான் கடினம். தைலேரியா காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது நூறு சிவப்பணுவில் ஒன்று முதல் ஐந்து வரை ஒட்டுண்ணி இருக்கலாம், மோசமான நோயில் இன்னும் அதிகம். பாபீசியாவோ காய்ச்சல் நேரத்திலேயே பெரும்பாலும் நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது. காய்ச்சல் தணிந்த பிறகு இரண்டுமே ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். நான் ஒரு ஸ்லைடை அரைமணி நேரம் எண்ணெய் லென்ஸில் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, விட்டுவிடலாம் என்று நினைத்த கடைசி ஓரத்தில் ஒன்றே ஒன்றைக் கண்டதுண்டு. அதனால் 'ஸ்மியர் நெகட்டிவ்' என்றால், 'இந்தச் சொட்டில், இன்றைக்கு, என் கண்ணில் படவில்லை' என்று மட்டுமே படியுங்கள்.

எலைசா ஒட்டுண்ணியைத் தேடுவதே இல்லை. ஒட்டுண்ணியை எதிர்த்து உடம்பு செய்து வைத்திருக்கும் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறது. 'இந்தக் குதிரை இந்தக் கிருமியை எப்போதாவது சந்தித்திருக்கிறதா?' என்பதுதான் அதன் கேள்வி. போன மாதம் சந்தித்திருந்தாலும் பாசிட்டிவ் வரும், மூன்று வருஷத்துக்கு முன்பு சந்தித்திருந்தாலும் வரும். தொற்று ஏற்பட்ட முதல் ஓரிரு வாரத்தில், புரதம் உருவாகும் முன், காய்ச்சலில் துடிக்கும் குதிரைக்கே நெகட்டிவ் வரலாம்.

மூன்றாவது பி.சி.ஆர். அது ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடுகிறது. ஸ்மியரில் சிக்காத அளவையும் பிடித்துவிடும். உங்கள் குதிரைக்கு இதுவரை செய்யாதது இதுதான். அதிலும் ரத்தத்தில் அளவு மிகக் குறைந்த நாளில் நெகட்டிவ் வரலாம், ஆனால் ஸ்மியரோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசி

ஊசி ஞாயிறு, ஸ்மியர் செவ்வாய். டிமினசீன் இந்த ஒட்டுண்ணிகளை அடக்கக்கூடிய மருந்து. அதைப் போட்டு இரண்டு நாள் கழித்து, காய்ச்சலும் விட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் ஒட்டுண்ணி தென்படாததில் ஆச்சரியமே இல்லை. பார்த்தவர் தவறாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது அதற்குள் மறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஊசி போட்ட விஷயத்தை அன்றைக்கு அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். வீட்டில் எதைக் கொடுத்தாலும், நாட்டு மருந்தானாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கோபிக்கப் போவதில்லை.

கண்ணெதிரே குதிரை தலையைத் தொங்கப்போட்டு நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமையில் கையில் கிடைத்ததைப் போட்ட பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிமினசீன் மாட்டுக்கு ஒத்துக்கொள்கிற அளவுக்குக் குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது. குதிரையில் பலன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறைவு. போட்ட இடம் வீங்கிப் புண்ணாகும். இனி அது வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே தோட்டத்திலிருந்து அதுவும் வரக்கூடும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் கரைசலைக் குதிரை மேல் அடிக்கவே கூடாது. குடல் அசைவு நின்று, சாணம் அடைத்து, குதிரை செத்தே போகலாம். குதிரைக்கு ஏற்ற உண்ணி மருந்தை உங்கள் டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்த ஒரே சிரிஞ்ச். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். நோயுள்ள குதிரையின் ரத்தம் பட்ட ஊசியை இன்னொரு குதிரைக்குக் குத்துவது, உண்ணி செய்யும் வேலையை நாமே கையால் செய்வதுதான். ஆண் குதிரை இன்று நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனாலும் அதன் ரத்தத்தையும் எலைசாவுக்கும் பி.சி.ஆருக்கும் கொடுத்துவிடுங்கள். அந்த ஞாயிறு போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால், தொற்றியிருந்தால் இப்போது தெரிந்துவிடும். இனி ஒரு குதிரைக்கு ஒரு ஊசி, ஒரு சிரிஞ்ச்.

இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் தைலேரியாதானா?

எலைசா பாசிட்டிவ் என்றதும் வழக்கு முடிந்துவிட்டதாக எல்லோரும் பேசுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்த அளவு உறுதி இல்லை. தைலேரியா நம் நாட்டில் பரவலாக இருக்கும் நோய். பல மாநிலம் சுற்றி, பல கை மாறி வந்த குதிரைக்குப் பழைய தொற்றின் தடம் இருப்பது சாதாரணம். பழைய தைலேரியா பாட்டுக்கு உள்ளே தூங்க, இப்போதைய காய்ச்சலுக்கு வேறு ஒன்று காரணமாக இருக்கலாம்.

உங்கள் குதிரைக்கு மஞ்சள் ஈறும் கறுத்த மூத்திரமும் இருந்ததால், சிவப்பணுக்கள் உடைந்தது நிச்சயம். அது தைலேரியா பக்கம்தான் கை காட்டுகிறது. பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணு நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. சவாரிக் குதிரைக்கு அது 32க்கு மேல் இருக்க வேண்டும், மட்டக்குதிரைக்குச் சற்றுக் குறையலாம். 21 என்பது கணிசமான ரத்தசோகை. ஆனால் விட்டு விட்டு வரும் காய்ச்சல், நன்றாகத் தின்றும் தேறாத உடம்பு என்று பார்க்கும்போது சுர்ராவையும் தள்ளிவிட முடியாது.

சுர்ரா டிரிபனோசோமா எவான்சி என்ற ஒட்டுண்ணியால் வருவது. 1880ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைக் கண்டார். அவர் பெயர்தான் அதற்கு. இது சிவப்பணுவுக்குள் போவதில்லை, வெளியே நீந்தும். ஒரு சொட்டுப் புது ரத்தத்தைச் சாயம் போடாமல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், ஒட்டுண்ணி தெரிவதற்கு முன் அதன் ஆட்டம் தெரியும்: ஓரிடத்தில் மட்டும் சிவப்பணுக்கள் இடிபட்டு விலகும், உற்றுப் பார்த்தால் நடுவே ஒரு நூல் நெளியும். கடிக்கும் பெரிய மாட்டு ஈக்கள் வழியாகவும், நம் ஊசி வழியாகவும் பரவும். தன் மேலுறையை அடிக்கடி மாற்றி உடம்பின் எதிர்ப்பை ஏமாற்றுவதால் காய்ச்சல் ஏறி ஏறி இறங்கும். காய்ச்சல் இல்லாத நாளில் ரத்தம் எடுத்தால் இங்கேயும் ஏமாற்றம்தான். அடிவயிறும் கால்களும் வீங்குவது, பின்கால் தள்ளாடுவது, கண் வெளுப்பது இவையெல்லாம் தெரிகிறதா என்று பாருங்கள்.

நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தைலேரியாவுக்கான மருந்து வேறு, சுர்ராவுக்கான மருந்து வேறு. சிகிச்சை இல்லாமல் விட்டால் சுர்ரா குதிரையைப் பெரும்பாலும் கொன்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை டிமினசீன் சுர்ராவையும் தற்காலிகமாக அடக்கியிருக்கும் என்பதால், முதல் காய்ச்சல் விட்டதை வைத்து எது நோய் என்று பிரிக்க முடியவில்லை.

ரத்தம் எடுப்பது எப்போது, எப்படி

இன்றிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் காய்ச்சல் பாருங்கள். தெர்மாமீட்டரில் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் மாட்டி வால் மயிரில் பிடித்துவிட்டால் உள்ளே போகவோ கீழே விழவோ செய்யாது. 99 முதல் 101 வரை இயல்பு. 101.5ஐத் தாண்டினால், எந்த ஊசியும் போடுவதற்கு முன், டாக்டரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். உங்களால் செய்ய முடிந்ததில் மிகப் பெரிய உதவி இதுதான்.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகள் நுனி நாளங்களில் கூடுதலாகத் தங்கும். அதனால் கழுத்து ரத்தத்தோடு காது நுனியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து மெல்லிய ஸ்மியர் போடச் சொல்லலாம். நல்ல ஸ்மியர் நாக்கு வடிவத்தில், நுனி மெலிந்து இருக்கும். உடனே வீசிக் காயவைத்து மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும். லாயத்தில் திறந்து வைத்தால் ஈ மொய்த்து ரத்தத்தைத் தின்றுவிடும், அரைமணியில் ஸ்லைடில் ஒன்றும் மிஞ்சாது. ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் ரத்தம் பி.சி.ஆருக்கும் பி.சி.விக்கும், சிவப்பு மூடிக் குழாய் எலைசாவுக்கு. ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள், ஆனால் ஐஸ் மேல் நேராகப் படாமல் துணியில் சுற்றி. உறைந்தால் சிவப்பணு உடைந்து ஸ்மியருக்கு உதவாது.

உங்களுக்குப் பக்கம் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி, கொஞ்சம் தள்ளி நாமக்கல் கல்லூரி. எந்தப் பரிசோதனை அங்கே நடக்கிறது, என்றைக்கு மாதிரி வாங்குகிறார்கள் என்று முன்பே போனில் கேட்டுவிட்டு உங்கள் டாக்டர் மூலமாக அனுப்புங்கள். இரண்டிலும் முடியாததற்கு ஹரியானாவில் ஹிசார் நகரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சுர்ராவுக்கான எலைசா கிட் ஒன்றை அவர்களே உருவாக்கி, 2022ல் வெளியிட்டார்கள். படிவத்தில் 'தைலேரியா, பாபீசியா, சுர்ரா' மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். குதிரைத் தொற்று ரத்தசோகை என்ற வைரஸ் நோயையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. அதுவும் ஈயாலும் ஊசியாலும் பரவுவதுதான்.

நாலு ஊசி, சினை, குட்டி

நாலு ஊசி என்று உங்களுக்குச் சொன்னது இமிடோகார்ப். பாபீசியாவுக்கு ஒரு நாள் இடைவெளியில் இரண்டு, தைலேரியாவுக்குக் கூடிய அளவில் மூன்று நாளுக்கு ஒன்றாக நான்கு. 'அடியோடு சுத்தம்' என்பது சில குதிரைகளில் நடக்கிறது, எல்லாவற்றிலும் நடப்பதில்லை. மருந்து லேசானதும் இல்லை. எச்சில் ஒழுகும், வயிற்று வலியில் தரையில் புரளும், கழிச்சல் போகும். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை. கழுதைகளில் இந்த முழு அளவு உயிரையே எடுத்திருக்கிறது.

தைலேரியா ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க உள்ளே இருக்கும். கேட்க பயமாக இருக்கும். ஆனால் நம் ஊர் போல நோய் பரவலாக உள்ள இடத்தில், குறைந்த அளவில் உள்ளே தங்கியிருக்கும் ஒட்டுண்ணி உடம்பின் எதிர்ப்பை விழிப்பாகவும் வைத்திருக்கிறது. கஷ்டப்பட்டு அதைத் துடைத்தெடுத்தால், அடுத்த உண்ணிக் கடியில் குதிரை மறுபடி முதல் தொற்றுக்கு ஆளாகும். அதனால் நோய் தலைதூக்கும்போது அடக்குவதற்குத்தான் சிகிச்சை. காகிதத்தில் 'நெகட்டிவ்' வாங்குவதற்காக நான் மருந்து போடச் சொல்ல மாட்டேன். மருந்து போட்டு வென்றாலும் எலைசா மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எனக்கு இன்னொரு பதற்றமான கடிதம் வரும்.

ஆகவே இப்போது, காய்ச்சல் இல்லாமல் தீனி எடுக்கும் நிலையில், இரண்டு குதிரைக்கும் அந்த நாலு ஊசி வேண்டாம். நல்ல தீனி, நிழல், ஓய்வு. பி.சி.வி. மறுபடி ஏறும்வரை பெட்டையை ஊர்வலத்துக்கு அனுப்பாதீர்கள். நீண்ட லாரிப் பயணமும், கடும் வேலையும், பிரசவமும் அடங்கியிருக்கும் தைலேரியாவைக் கிளப்பிவிடும். மறுபடி காய்ச்சலோடு பி.சி.வி. இறங்கினால், சினையாக இருந்தாலும் சிகிச்சை செய்யத்தான் வேண்டும். தாய் போனால் குட்டியும் இல்லை. அந்த முடிவை நேரில் பார்க்கும் டாக்டர் எடுக்கட்டும்.

குட்டியைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தைலேரியா கருவிலேயே குட்டிக்குப் போகக்கூடும். சில சினைகள் கலையும், சில குட்டிகள் பிறக்கும்போதே தளர்ந்து மஞ்சளாக இருக்கும். நோயைச் சுமக்கும் எத்தனையோ தாய்கள் துள்ளும் குட்டியைப் போடுவதும் உண்டு. மருந்து கருவையும் சென்றடையும், ஆனால் குட்டிக்குத் தொற்று போவதை அது தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. பதினொரு மாதக் கணக்கில் மாசி, பங்குனியில் குட்டி போடும். அந்த வாரம் டாக்டரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குட்டி விழுந்ததும், முதல் பால் குடிப்பதற்கு முன் கொஞ்சம் ரத்தம் எடுத்துவிட்டால் ஸ்மியரும் பி.சி.ஆரும் தெளிவாகப் பேசும். சில நிமிட வேலைதான், அதற்காகச் சீம்பாலைத் தள்ளிப்போட வேண்டாம். சீம்பால் குடித்த குட்டிக்கு எலைசா செய்து பயப்படாதீர்கள். தாயின் எதிர்ப்புப் புரதம் பாலில் இறங்கி, நாலைந்து மாதம் வரைகூடக் குட்டியைப் பாசிட்டிவாகக் காட்டும்.

மகளும் மாடுகளும்

மகள் குதிரையைத் தடவட்டும், கொள்ளு ஊட்டட்டும். அதனால் தைலேரியாவும் பாபீசியா கபாலியும் அவளுக்கு வராது. உங்கள் மாடுகளுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணம் வேறு வகைப் பாபீசியா, வேறு வகைத் தைலேரியா. குதிரையுடையது மாட்டுக்குப் போவதில்லை, மாட்டுடையதும் அப்படித்தான்.

சுர்ரா என்று வந்தால் கணக்கு மாறும். அது மாடு, எருமை, நாய் வரை போகும். மாடுகள் நோய் காட்டாமலே அதைச் சுமந்து நிற்கலாம். மனிதரின் ரத்தத்தில் இதைக் கொல்லும் ஒரு புரதம் இருப்பதால் நமக்கு வருவது மிக மிக அரிது. 2004ல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு வந்தபோது ஆராய்ந்ததில், அவர் உடம்பில் அந்தப் புரதம் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. குதிரையிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் நான் உண்மையிலேயே பயப்படுவது கிளாண்டர்ஸுக்குத்தான். மூக்கில் கெட்டியான சளி, தோலில் வரிசையாக உடைந்து ஒழுகும் கட்டிகள் தெரிந்தால், மகளை மட்டும் அல்ல, எல்லோரையும் விலக்கிவிட்டு உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வாரம் இருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு உண்ணி தேடுங்கள். காதுக்குள், பிடரிக்கு அடியில், வாலடியில், பின்தொடை இடுக்கில். சின்னக் கைக்கு அது நன்றாக வரும். பிடுங்கியதை நசுக்காமல் ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள், கை கழுவுங்கள்.

விற்பது

தரகர் சொன்னதைச் செய்யாதீர்கள். விற்கும் உரிமை உங்களுக்கு உண்டு, மறைத்து விற்கும் உரிமை இல்லை. கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுக்கும் 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் குதிரைகளின் இந்த உண்ணிக் காய்ச்சலும் சுர்ராவும் கிளாண்டர்ஸும் இருக்கின்றன. அப்படிப்பட்ட நோய் இருப்பதாகத் தெரிந்தால் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. தெரிந்தே சந்தைக்குக் கொண்டுபோவதையும் சட்டம் தடுக்கிறது. உங்கள் டாக்டர் மூலம் எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு.

விற்றவர் மீது உங்களுக்குள்ள கோபம் நியாயமானது. ஆனால் அவருக்குத் தெரிந்திருக்காமலும் இருக்கலாம். அமைதியாக உள்ளே இருக்கும் தைலேரியா கண்ணுக்குத் தெரியாது. ஆடியில் வாங்கி, புரட்டாசிக் கடைசியில்தான் காய்ச்சல். தொற்றியபின் தைலேரியா வெளிப்பட இரண்டு, மூன்று வாரம் போதும் என்பதால், உங்கள் லாயத்து உண்ணியிடமிருந்தே வந்திருக்கவும் இடமுண்டு. வாங்கிய அன்றைய ரத்தப் பரிசோதனை கையில் இல்லாமல் எந்தப் பக்கமும் நிரூபிப்பது கடினம். வழக்கு, பஞ்சாயத்து என்று செலவழிக்கும் முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தைப் பி.சி.ஆருக்குச் செலவிடச் சொல்வேன்.

அப்பா சுழி பார்த்ததில் தப்பில்லை. அவர் கண்ணுக்கு நடையும் குளம்பும் தெரியும், அது லேசான கலை இல்லை. ரத்தத்துக்குள் இருப்பதை அந்தக் கண்ணால் பார்க்க முடியாது, அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தியூர் ஆடிச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ குதிரைகள் வந்து கூடுவது போல எந்தச் சந்தையிலும் பல ஊர் உண்ணிகளும் சேர்ந்தே வரும். அடுத்த முறை பேரம் முடிப்பதற்கு முன் எலைசாவும் ஸ்மியரும் கேளுங்கள். வந்த குதிரையை மூன்று, நான்கு வாரம் தனியாகக் கட்டி, காய்ச்சல் குறித்து, உண்ணி எடுத்த பிறகு பழைய குதிரையோடு சேருங்கள்.

பாசிட்டிவ் என்பதற்காகக் கருணைக் கொலை பற்றி யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தைலேரியாவே இல்லாத சில நாடுகள் பாசிட்டிவ் குதிரையை உள்ளே விடுவதில்லை. அந்தக் கண்டிப்பான விதிகளுக்கு நடுவிலும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பாசிட்டிவ் குதிரைகளைக் கட்டுப்பாடுகளோடு போட்டியிட அனுமதித்தார்கள். கோவைப் பக்கத்துக் கல்யாண ஊர்வலத்துக்கு உங்கள் பெட்டை, பி.சி.வி. ஏறியபின், தாராளமாக நடக்கும்.

காய்ச்சல் நோட்டின் முதல் பக்கத்தை இன்று மாலையே தொடங்கிவிடுங்கள். பி.சி.ஆர். முடிவும், ஆண் குதிரையின் முடிவும் வந்ததும் அந்த நோட்டின் நகலோடு எனக்கு எழுதுங்கள். மாசியில் குட்டி எழுந்து நின்றதும் அதையும்.